ஊர் மீண்டதா, ஆள் மீண்டாரா? 2008க்குப் பிந்தைய அமெரிக்க வேலைச் சந்தை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. 2008 நிதி நெருக்கடிப் பாடத்துக்கு வரும்போதெல்லாம் வகுப்பில் அதே சந்தேகங்கள் எழுகின்றன. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற அக்கம்பக்கத்துப் பெற்றோர்களும் கிட்டத்தட்ட அவற்றையே கேட்கிறார்கள். ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் சுலபமாகப் புரியும்.

2008ல பேங்க் திவாலாச்சு, சரி. அதுக்கும் எங்கேயோ ஒரு ஃபேக்டரித் தொழிலாளிக்கு வேலை போனதுக்கும் என்ன சம்பந்தம்?

கடன்தான் சம்பந்தம். 2006 வரை அமெரிக்காவில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. திருப்பிக் கட்ட வசதியில்லாதவர்களுக்கும் வீட்டுக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடன்களை மூட்டை மூட்டையாகக் கட்டி உலகம் முழுக்க விற்றார்கள். விலை இறங்கத் தொடங்கியதும் தவணைகள் நின்றன. மூட்டைகளை வாங்கி வைத்திருந்த நிறுவனங்கள் ஆட்டம் கண்டன. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால் மனு கொடுத்தது. அடுத்து யார் விழுவார்கள் என்று தெரியாததால் வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கவே பயந்தன.

சரக்கு வாங்கவும் சம்பளம் போடவும் குறுகிய காலக் கடனை நம்பியிருந்த கம்பெனிகள் ஆட்களைக் குறைத்தன. கடனில்தான் கார் வாங்க முடியும் என்றிருந்தவர்களுக்குக் கடன் கிடைக்கவில்லை, கார் விற்பனை சரிந்தது. வீட்டின் மதிப்பு பாதியாகிப்போன குடும்பம் ஓட்டலுக்குப் போவதை நிறுத்தியது. இப்படி 2008 தொடக்கத்துக்கும் 2010 பிப்ரவரிக்கும் இடையில் ஏறக்குறைய 87 லட்சம் வேலைகள் போயின. 2007 டிசம்பரில் 5 சதவீதமாக இருந்த வேலையின்மை விகிதம் 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது.

மந்தநிலை 2009 ஜூன்லயே முடிஞ்சதுன்னு புத்தகத்துல இருக்கு. அப்புறம் எப்படி அக்டோபர்ல வேலையின்மை உச்சத்துக்குப் போச்சு?

அமெரிக்காவின் அதிகாரபூர்வக் கணக்கில் அந்த மந்தநிலை 2007 டிசம்பரில் தொடங்கி 2009 ஜூனில் முடிந்தது. முடிந்தது என்றால் உற்பத்தி மேலும் குறைவது நின்றது என்று மட்டுமே பொருள். கிணற்றில் விழுந்தவர் தரையைத் தொட்டுவிட்டார், மேலே ஏறுவது இனிமேல்தான்.

வேலை இன்னும் பின்தங்கித்தான் வரும். ஆர்டர் கொஞ்சம் கூடினால் முதலாளி உடனே புது ஆள் எடுப்பதில்லை. இருக்கிறவர்களுக்குக் கூடுதல் மணி நேரம் கொடுப்பார், அப்புறம் தற்காலிகமாகச் சிலரை எடுப்பார், நம்பிக்கை வந்த பிறகே நிரந்தர வேலை. இழந்த வேலைகளின் எண்ணிக்கை திரும்பி வந்தது 2014 மே மாதம். அதற்குள் ஆறு ஆண்டுகளில் மக்கள்தொகையும் வளர்ந்துவிட்டதால், எண்ணிக்கை சமமானபோதும் ஆளுக்கு ஆள் கணக்கில் பற்றாக்குறை இருந்தது.

எல்லா மாநிலத்துக்கும் ஒரே டாலர், ஒரே வட்டி. பாதிப்பு மட்டும் ஏன் இடத்துக்கு இடம் வேற மாதிரி?

இங்கேதான் பாடம் சுவாரஸ்யமாகிறது. மூன்று மாநிலங்களைப் பாருங்கள். நெவாடாவில் 2006இல் வேலையின்மை 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2010இல் 14ஐ நெருங்கியது. மிச்சிகனும் 2009இல் 14 சதவீத அளவுக்குப் போனது, ஆனால் அங்கே நெருக்கடிக்கு முன்பே 7 சதவீதம். நார்த் டகோட்டா 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 10 சதவீதம் என்ற தேசிய சராசரி இந்த மூன்றில் எந்த ஊர்க்காரருடைய வாழ்க்கையையும் சொல்லவில்லை.

நெவாடாவின் கதை வீடு. லாஸ் வேகஸில் உச்சத்திலிருந்து அடிமட்டம் வரை வீட்டு விலை சுமார் 60 சதவீதம் விழுந்தது. மாநிலத்தின் கட்டுமான வேலைகளில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனது. மிச்சிகனின் கதை கார். அங்கே மொத்த வேலைகள் 2000ஆம் ஆண்டிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தன. 2008 அந்த இறக்கத்தின் மேல் வந்து விழுந்த அடி. நார்த் டகோட்டாவுக்கு வீட்டு விலைக் குமிழியும் இல்லை, பூமிக்கடியில் எண்ணெய் வேறு.

ஆதிஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் மாவட்டவாரியாகப் பார்த்து இதைத் தெளிவாக்கினார்கள். முடிதிருத்தகம், உணவகம், துணிக்கடை மாதிரி உள்ளூர் வாடிக்கையாளரை நம்பிய வேலைகள், வீட்டு மதிப்பு எங்கே அதிகம் விழுந்ததோ அங்கேதான் அதிகம் போயின. வெளியூருக்கு விற்கும் பொருளைச் செய்யும் ஆலை வேலைகளிலோ அந்தத் தொடர்பு இல்லை. உள்ளூரில் வீட்டு விலை நன்றாக இருந்த இடத்திலும் அவை போயின. லாஸ் வேகஸில் கடன் மூழ்கடித்த ஒரு குடும்பம் கார் வாங்காமல் விட்டால், அடி விழுவது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கார் ஆலையில். டெக்சாஸ் ஓரளவு தப்பித்ததற்குப் பலரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் அடமானம் வைத்துப் பணம் எடுக்கக் கூடாது என்று அந்த மாநிலத்தில் வரம்பு இருந்தது.

நெவாடா தன் கஷ்டத்தைத் தானே சரி பண்ணிக்க முடியாதா? இலங்கை மாதிரி நாடுகள்ல நாணயத்தோட மதிப்பு இறங்குதே?

தனி நாணயம் உள்ள நாட்டில் மதிப்பு இறங்கினால் இறக்குமதி விலை ஏறும், மக்கள் வாடுவார்கள். ஆனால் ஏற்றுமதியும் சுற்றுலாவும் மலிவாகி வேலை திரும்ப ஒரு வழி கிடைக்கும். நெவாடாவிடம் இருப்பது டாலர்தான். வட்டியையும் அது தீர்மானிக்க முடியாது. கூலி குறைந்தால் தொழில்கள் வரும் என்று பாடநூல் சொல்லும். நிஜத்தில் கூலியை யாரும் சுலபமாகக் குறைப்பதில்லை, ஆளைத்தான் குறைக்கிறார்கள்.

மாநில அரசு கடன் வாங்கிச் செலவு செய்யவும் வழி கிடையாது. வெர்மான்ட் தவிர மற்ற மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் வரவுக்குள் செலவு என்ற சட்டக் கட்டுப்பாடு உண்டு. வரி வருமானம் விழுந்த நேரத்திலேயே ஆசிரியர்களையும் தீயணைப்பு வீரர்களையும் குறைக்க வேண்டி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாநில, உள்ளாட்சி அரசுகளில் ஏழு லட்சம் அளவுக்கு வேலைகள் குறைந்தன. ஊரே தவிக்கும்போது ஊர் அரசும் சேர்ந்து ஆட்குறைப்புச் செய்தது, என் பார்வையில், அந்த மீட்சியில் நடந்த பெரிய தவறு.

வேலையின்மை விகிதம் பழைய அளவுக்கு வந்துட்டா அந்த ஊர் மீண்டதாத்தானே அர்த்தம்?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பதில்: இல்லை, அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

அந்த விகிதம் எப்படி வருகிறது என்று பாருங்கள். மாதாமாதம் சுமார் 60,000 வீடுகளில் கேட்கிறார்கள். வேலை இல்லாதவர் கடந்த நான்கு வாரங்களில் வேலை தேடியிருந்தால்தான் வேலையற்றவர் கணக்கில் வருவார். தேடித் தேடி அலுத்துப்போய் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர் அந்தக் கணக்கிலிருந்தே நீங்கிவிடுவார். ஆக, விகிதம் குறைய மூன்று வழிகள் உள்ளன: வேலை கிடைப்பது, ஊரைவிட்டுப் போவது, தேடுவதைக் கைவிடுவது. காகிதத்தில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

அதனால் நான் வேறொரு எண்ணைப் பார்க்கச் சொல்வேன். 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? படிப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் பெரும்பாலும் இதில் வரமாட்டார்கள். 2007இல் 100 பேரில் 80 பேர். 2009 இறுதியில் 75. வேலையின்மை விகிதம் 2015லேயே 5 சதவீதத்துக்குத் திரும்பிவிட்டது. இந்த எண் மறுபடி 80ஐத் தொட 2019 வரை ஆனது. இடையே உடல் இயலாமைக்கான அரசு உதவி பெறும் தொழிலாளர்கள் சுமார் 70 லட்சத்திலிருந்து 2014இல் ஏறக்குறைய 90 லட்சம் ஆனார்கள். வயது கூடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனாலும், முதுகுவலியோடு ஆலையில் காலம் தள்ளிக்கொண்டிருந்த 55 வயதுக்காரருக்கு ஆலை மூடிய பிறகு அந்த முதுகுவலியோடு புது வேலை யார் கொடுப்பார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வேலை இல்லேன்னா வேலை இருக்கிற ஊருக்குப் போக வேண்டியதுதானே? அமெரிக்காவுல என்ன தடை?

சட்டத் தடை எதுவும் இல்லை. மொழி ஒன்று, விசா தேவையில்லை. ஒலிவியே பிளான்சார்ட், லாரன்ஸ் கட்ஸ் இருவரும் 1992இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் முடிவும் உங்கள் கேள்விக்குச் சாதகம்தான்: ஒரு மாநிலம் அடிவாங்கினால் ஆறேழு ஆண்டுகளில் அதன் வேலையின்மை விகிதம் தேசிய அளவுக்குத் திரும்பிவிடும். எப்படி? வேலை அங்கே திரும்பி வந்து அல்ல, ஆட்கள் வெளியேறி.

ஆனால் அவர்கள் ஆராய்ந்த காலத்துக்குப் பிறகு அமெரிக்கர்கள் மாநிலம் விட்டு மாநிலம் போவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது. 2008க்குப் பிறகு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. நெவாடாவில் உச்சக்கட்டத்தில் வீட்டுக் கடன் வைத்திருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, வீட்டை விற்றால் கிடைக்கும் பணத்தைவிடப் பாக்கிக் கடன் அதிகம். விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டுமானால் கையிலிருந்து போட வேண்டும். அது எத்தனை பேரை உண்மையில் கட்டிப்போட்டது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு வேலை இருந்தால், வயதான அம்மா பக்கத்துத் தெருவில் இருந்தால், குழந்தை பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தால் மூட்டை கட்டுவது எங்கேயும் கடினம்தானே.

விஸ்கான்சினில் உள்ள ஜேன்ஸ்வில்லில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு, நின்றது. தொழிற்சங்க ஒப்பந்தப்படி சிலருக்கு இந்தியானாவின் ஃபோர்ட் வேன் ஆலையில் இடம் கிடைத்தது, காரில் நாலரை மணி நேரம். பலர் குடும்பத்தை மாற்றவில்லை. திங்கட்கிழமை கிளம்பி, அங்கே நான்கைந்து பேராக அறை எடுத்துத் தங்கி, வார இறுதியில் வீடு திரும்பினார்கள். நம் ஊரில் சனி இரவு பஸ் ஏறி ஊருக்கு வந்து ஞாயிறு இரவு திரும்புகிறவர்களுக்கு அந்த வாழ்க்கையை விளக்க வேண்டியதில்லை.

ஊரை விட்டுப் போனவங்களாவது நல்லா இருந்தாங்களா?

டேனி யாகன் என்ற அறிஞர் 2019இல் வெளியான ஆய்வில் இதை நேரடியாகவே சோதித்தார். வரிப் பதிவுகளை வைத்து, 2007இல் யார் எங்கே இருந்தார்கள், 2015இல் அவர்களுக்கு வேலை இருந்ததா என்று பார்த்தார். ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரே சில்லறைக் கடைச் சங்கிலியின் வெவ்வேறு ஊர்க் கிளைகளில் ஒத்த சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களையும் எடுத்துக்கொண்டார். ஆள் எங்கே குடிபெயர்ந்தாலும் கணக்கில் தொடர்ந்து வந்தார்.

2015க்குள் ஊர்களின் வேலையின்மை விகிதங்கள் பெரும்பாலும் சமமாகிவிட்டன. ஆட்கள் சமமாகவில்லை. 2007 முதல் 2009 வரை உள்ளூர் வேலையின்மை ஒரு சதவீதப் புள்ளி கூடுதலாக ஏறியிருந்தால், அந்த ஊரில் அப்போது இருந்தவர் 2015இல் வேலையில் இருக்கும் வாய்ப்பு 0.39 புள்ளி குறைவு. ஐந்து புள்ளி கூடுதலாக அடிவாங்கிய ஊர் என்றால் நூறு பேருக்கு இரண்டு பேர். சின்ன எண்ணாகத் தோன்றும். ஒரு பெருநகரத்துக்கு அது பல்லாயிரம் குடும்பங்கள். அதுவும் மந்தநிலை முடிந்து ஆறு ஆண்டு கழித்து. நெருக்கடி வந்த நேரத்தில் எந்த ஊரில் இருந்தோம் என்ற ஒன்றே ஆளோடு கூடவே போகிறது.

நார்த் டகோட்டாவுல எண்ணெய் கிடைச்சுதே, அங்கே போனவங்க பிழைச்சிருப்பாங்களே?

பலர் போனார்கள். அந்த எண்ணெய் கிடைத்த பேக்கன் பாறைப் படிவத்தின் நடுவே இருக்கும் வில்லிஸ்டன் நகரத்தில் 2010இல் 14,716 பேர். 2020இல் 29,160 பேர். வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. வாடகை பெருநகர அளவுக்கு ஏறியது, தொழிலாளர்கள் கொட்டகைக் குடியிருப்புகளில் தங்கினார்கள். 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30 டாலருக்குக் கீழே இறங்கியதும் துளையிடும் வேலைகள் சுருங்கின. இன்னொன்று, 87 லட்சம் வேலை போன நாட்டில், 2010இல் ஏழு லட்சம் மக்கள்கூட இல்லாத ஒரு மாநிலம் எத்தனை பேரைத் தாங்க முடியும்?

எல்கார்ட் எழுந்துடுச்சு, ஜேன்ஸ்வில் எழலைன்னு சொல்றாங்க. ரெண்டும் ஒரே தொழில் ஊர்தானே?

இந்தியானா மாநிலத்து எல்கார்ட்டில் தயாராவது வீட்டு வண்டிகள். படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் கேரவனை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது குடும்பங்கள் விடுமுறைக்கு ஓட்டிப்போகும் வண்டி. கடன் நின்றதும் முதலில் வேண்டாம் என்று தள்ளப்படும் பொருள் அது. 2009 மார்ச்சில் அந்தப் பகுதியின் வேலையின்மை 20 சதவீதத்தை நெருங்கியது. ஒபாமா பதவியேற்ற அடுத்த மாதமே அங்கே போய்ப் பேசினார். 2016 ஜூனில் மறுபடி போனபோது விகிதம் 4 சதவீத அளவுக்கு வந்திருந்தது.

காரணம், எல்கார்ட்டில் நின்றது ஆர்டர் மட்டும்தான். ஆலைகள், உதிரிபாகக் கடைகள், கைத்தொழில் தெரிந்தவர்கள் எல்லாம் அங்கேயே இருந்தனர். கடன் மீண்டும் ஓடி, பெட்ரோல் விலை இறங்கியதும் அதே தொழில் அதே இடத்தில் உயிர்பெற்றது. ஜேன்ஸ்வில்லில் ஆலையே போய்விட்டது. அங்கும் வேலையின்மை விகிதம் இறங்கியது, அதனால் எழவே இல்லை என்று சொல்வது தவறு. ஆனால் கார் ஆலையில் மணிக்கு 28 டாலர் வாங்கியவருக்குப் பின்னால் கிடைத்த வேலைகள், ஒரு மலிவு விலைக் கடைச் சங்கிலியின் கிடங்கு மாதிரியானவை, ஏறக்குறைய அதில் பாதிக் கூலிக்கு. ஐந்தாவது பதிலில் சொன்ன வேலையின்மை விகிதத்தில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

அதே நேரம் எல்கார்ட்டை முன்மாதிரி என்று சொல்லவும் எனக்குத் தயக்கம் உண்டு. இன்னமும் அது பெரும்பாலும் அந்த ஒரே வண்டியை நம்பித்தான் நிற்கிறது.

வேலை போனவங்களுக்குப் புதுத் தொழில் கத்துக்கொடுத்தா போதாதா?

கற்றுக்கொடுத்தார்கள். ஜேன்ஸ்வில்லில் நூற்றுக்கணக்கான ஆலைத் தொழிலாளர்கள் அரசு உதவியோடு உள்ளூர்த் தொழிற்கல்லூரியில் சேர்ந்தார்கள். சிலருக்குக் கணினியை எப்படித் திறப்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பிறகு எண்ணிக்கைகளை ஒப்பிட்டபோது, மறுபயிற்சி பெற்றவர்களைவிடப் பெறாதவர்களிடம்தான் வேலையும் வருமானமும் அதிகமாக இருந்தன. பயிற்சிக்குப் போகாதவர்கள் முதலில் கிடைத்த வேலைகளைப் பிடித்துக்கொண்டது ஒரு காரணமாக இருக்கலாம்.

படிப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஊரில் வேலையே இல்லாதபோது பயிற்சி வேலையை உண்டாக்காது, வரிசையில் நிற்பவர்களின் இடத்தை மாற்றும், அவ்வளவுதான்.

ஒபாமா அரசு கொட்டின பணம் பிரயோஜனப்பட்டுதா இல்லையா?

2009 பிப்ரவரி 17 அன்று 787 பில்லியன் டாலர் ஊக்கத் திட்டம் கையெழுத்தானது. வேலையின்மை அதன் பிறகும் ஏறியதால் தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. மருந்து கொடுத்த பிறகும் காய்ச்சல் இருந்ததால் மருந்து பலனில்லை என்று சொல்ல முடியுமா? மருந்து இல்லாவிட்டால் எவ்வளவு ஏறியிருக்கும் என்று பார்க்க வேண்டும்.

இங்கே மாநிலங்களின் வேறுபாடு ஆய்வாளர்களுக்குக் கைகொடுத்தது. ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கைக் கூட்டியபோது, பழைய செலவு அளவுகளைப் பொறுத்துச் சில மாநிலங்களுக்கு அதிகமாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் பணம் போனது. கேப்ரியல் சோடரோவ்-ரைக்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் அதை ஒப்பிட்டு, ஒரு லட்சம் டாலருக்கு ஒருவர் ஓராண்டு செய்யும் வேலை 3.8 கிடைத்தது என்று கணக்கிட்டார்கள். நான்காவது பதிலில் சொன்ன ஆட்குறைப்பு இதைவிட மோசமாகாமல் போனதற்கு இந்தப் பணம் ஒரு காரணம். பலன் இருந்தது, பள்ளம் அதைவிடப் பெரிதாக இருந்தது, பணம் சீக்கிரம் தீர்ந்தும் போனது.

99 வாரம் சும்மா உட்கார வெச்சுப் பணம் கொடுத்தா யார் வேலைக்குப் போவாங்க?

வழக்கமாக 26 வாரம் கிடைக்கும் வேலையிழப்பு உதவித்தொகையை நெருக்கடியில் சில மாநிலங்களில் 99 வாரம் வரை நீட்டித்தார்கள். உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆராயவும் பட்டது. ஜெஸ்ஸி ராத்ஸ்டைன் கணக்குப்படி 2011 தொடக்கத்தில் இந்த நீட்டிப்பு வேலையின்மை விகிதத்தை 0.1 முதல் 0.5 புள்ளி வரைதான் கூட்டியது. அதிலும் பெரும்பகுதி, உதவித்தொகை பெறத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் கைவிடாமல் தேடியவர்களால் வந்தது. அவர்கள் தேடுவதை நிறுத்தியிருந்தால் விகிதம் அழகாகக் குறைந்திருக்கும், வேலை கூடியிருக்காது.

கார் கம்பெனிகளைக் காப்பாத்தினது மக்கள் பணத்தை வீணடிச்சதுதானே?

2008 டிசம்பரில் புஷ் தொடங்கி ஒபாமா தொடர்ந்த அந்த உதவி மொத்தம் சுமார் 80 பில்லியன் டாலர். திரும்பி வராமல் போனது 9, 10 பில்லியன் அளவுக்கு. கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30, ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1 என்று இரண்டும் நீதிமன்றத் திவால் நடைமுறை வழியாகவே சீரமைக்கப்பட்டன. உதவிக் கடன் வாங்காத ஃபோர்டுகூட நாடாளுமன்றத்தில் போட்டியாளர்களுக்கு ஆதரவாகப் பேசியது. ஒரே உதிரிபாக ஆலைகளிடம்தான் மூவரும் வாங்கினார்கள். இரண்டு விழுந்தால் மிச்சிகன், ஒஹையோ, இந்தியானா முழுக்க அந்தச் சிறு ஆலைகளும் விழும், ஃபோர்டும் நிற்கும்.

என் கருத்தில் அது சரியான முடிவு. ஆனால் காப்பாற்றப்பட்டது தொழில். எல்லா ஊரும் அல்ல. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய தொழிலாளியின் கூலியில் ஏறக்குறைய பாதிதான். டெட்ராய்ட் மாநகராட்சி 2013 ஜூலையில் சுமார் 18 பில்லியன் டாலர் கடனோடு திவால் மனு கொடுத்தது. 1950இல் அந்த நகரத்தில் 18 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், 2010இல் 7 லட்சத்துச் சொச்சம்.

குடியேறிகள் வேலையைப் பறிச்சதாலதான் உள்ளூர்க்காரங்களால மீள முடியலையா?

பிரையன் கடேனா, பிரையன் கோவாக் இருவரின் ஆய்வு இதற்கு எதிரான படத்தைக் காட்டுகிறது. அதிகம் படிக்காத தொழிலாளர்களில், வேலை போன ஊரிலிருந்து வேலை இருக்கும் ஊருக்கு வேகமாக நகர்ந்தவர்கள் மெக்சிகோவில் பிறந்தவர்கள். சொந்த வீடும் சொந்தபந்தமும் அவர்களை அவ்வளவாகப் பிடித்து வைக்கவில்லை. அவர்கள் கிளம்பியதால் அதே ஊரில் தங்கிவிட்ட உள்ளூர்க்காரர்களுக்கு அடி குறைந்தது. ஆறாவது கேள்வியில் பார்த்த அசையாமைக்கு, அசைந்தவர்கள் ஈடுகட்டினார்கள்.

நான் படிச்சு முடிக்கிற வருஷம் மந்தநிலை வந்தா என் வாழ்க்கையே போச்சா, சார்?

இறுதியாண்டு மாணவர்கள் கேட்பது. போகாது, ஆனால் தழும்பு இருக்கும். கனடாவில் பட்டதாரிகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், மந்தநிலையில் வெளிவந்தவர்களின் தொடக்க வருமானம் சுமார் 9 சதவீதம் குறைவு. ஐந்து ஆண்டில் இழப்பு பாதியானது, பத்து ஆண்டில் மறைந்தது. சிறந்த கம்பெனிகளுக்கு மாறிக்கொண்டே போனவர்கள் சீக்கிரம் மீண்டார்கள். முதல் வேலை மோசமாக அமைந்தால் அதையே தலைவிதி என்று பிடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

உங்களைவிட உங்கள் அப்பா வயதினருக்குத்தான் அடி ஆழம். ஸ்டீவன் டேவிஸ், டில் வான் வாக்டர் இருவரும் பெரிய நிறுவனங்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்து மொத்த ஆட்குறைப்பில் வெளியேறிய ஆண்களை ஆராய்ந்தார்கள். நல்ல காலத்தில் வேலை போனால் வாழ்நாளில் இழப்பது 1.4 ஆண்டுச் சம்பளத்துக்குச் சமம். வேலையின்மை 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது போனால் 2.8 ஆண்டுச் சம்பளம், சரியாக இரட்டிப்பு.

2020ல இதைவிட நிறைய வேலை போச்சு. அது மட்டும் எப்படி ரெண்டே வருஷத்துல சரியாச்சு?

2020 மார்ச், ஏப்ரல் இரண்டே மாதங்களில் சுமார் 2 கோடியே 20 லட்சம் வேலைகள் போயின. நெவாடாவில் வேலையின்மை 30 சதவீதத்தைத் தாண்டியது. 2022 நடுவில் நாடு முழுக்க எண்ணிக்கை திரும்பிவிட்டது. கேசினோக்கள் மூடியிருந்தன, இடிந்துபோகவில்லை. பெரும்பாலோர் தற்காலிகமாக நிறுத்தப்பட்டவர்கள், பழைய முதலாளியே திரும்பக் கூப்பிட்டார். எல்கார்ட்டின் கதையை நாட்டளவில் பார்த்த மாதிரி. வங்கிகளும் வீட்டு விலையும் இந்த முறை விழவில்லை. வாஷிங்டனும் குடும்பங்களுக்கு, மாநிலங்களுக்கு, சிறு நிறுவனங்களுக்குத் தயங்காமல் பணம் அனுப்பியது. அதற்கு விலைவாசி ஏற்றமாக ஒரு விலையும் கொடுத்தார்கள். ஆனால் நெவாடாவில் 2008க்குப் பிறகு பத்தாண்டுக்கு அருகில் ஆனதை யோசித்தால், எனக்கு 2020இன் வழியே மேலாகப் படுகிறது.

எங்க ஊர் திருப்பூர். நாங்களும் ஒரே தொழிலை நம்பித்தான் இருக்கோம். இதுல எங்களுக்கு என்ன இருக்கு?

நிறையவே இருக்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் உங்கள் ஊரிலிருந்து போகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களின் மீதான வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது நீங்கள் பார்த்தது, மூன்றாவது பதிலில் சொன்ன இரண்டாவது வகை அடி: உள்ளூரில் எல்லாம் சரியாக இருந்தும், வாங்குபவர் தொலைவில் கையை மடக்கிக்கொண்டால் வரும் அடி. தையல், சாயம், பிரிண்டிங், பேக்கிங் என்று தொழிலின் எல்லாக் கண்ணிகளும் ஊரிலேயே இருப்பது எல்கார்ட் போன்ற பலம். ஆர்டர் திரும்பினால் ஓட்டம் திரும்பும். ஆர்டர் நிரந்தரமாக வேறு நாட்டுக்குப் போனால் அதே பலம் பாரமாகிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் ஊர் ஆலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஏராளம். ஷிப்ட் குறைந்தால் அவர்கள் ரயிலேறிவிடுவார்கள், அமெரிக்காவில் மெக்சிகோத் தொழிலாளர்கள் நகர்ந்த மாதிரி. அதனால் திருப்பூரில் வேலையின்மை பெரிதாகத் தெரியாது. அது ஒடிசாவின் ஏதோ ஒரு கிராமத்தில், எந்தக் கணக்கிலும் திருப்பூரின் பெயர் இல்லாமல், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். ஆர்டர் திரும்பிய பிறகு, போன ஆட்களில் எத்தனை பேர் திரும்பினார்கள், என்ன கூலிக்குத் திரும்பினார்கள் என்று உங்கள் லேபர் கான்ட்ராக்டர்களைக் கேட்டுப் பாருங்கள்.